மெஹர் பானுவின் ரத்தம் சொன்னது

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் பிறந்தபோது, மெஹர் பானு சாவைப் பற்றி யோசிப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. யோசிக்க நேரமும் இல்லை. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி இருந்த அவளுடைய கடையில் கார்களுக்கு சீட் கவர் தைத்து மாட்டிக் கொடுப்பார்கள். மறைமலை நகரில் கார் கம்பெனி வந்ததிலிருந்து அந்தப் பக்கம் கார்கள் பெருகிக்கொண்டே இருந்தன. புதுக் கார் வாங்குகிறவன் சாமிக்கு மாலை போட்டுவிட்டு அடுத்ததாக வந்து நிற்கிற இடம் அவள் கடைதான். ரெக்ஸின் சுருள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வந்தவன் வாய் திறப்பதற்குள் அவனுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனால், அவன் மனைவியைக் கேட்டுவிட்டு வரச் சொல்வாள்.

கடை அவள் கணவர் ஹிதாயத்துல்லா ஆரம்பித்தது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. முதலில் காசநோய் என்றார்கள். அதற்கு அடியில் எச்.ஐ.வி. இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவரை அடக்கம் செய்த மாதத்திலேயே அவளுக்கும் இருக்கிறது என்று சொன்னார்கள். மகள் மெஹ்னாஸுக்கு இல்லை. அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "இவளும் ரொம்ப நாள் தாங்க மாட்டா, பிள்ளையை யாராவது பொறுப்பெடுத்துக்குங்க" என்று சொந்தக்காரர் ஒருவர் அவள் காதில் விழும்படியே சொன்னார். மறு வாரம் மெஹர் பானு கடையின் ஷட்டரைத் தூக்கினாள்.

நடுவில் உடம்பு கரைந்தது. சுடிதாரை இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அப்புறம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கூட்டத்தில் போய் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு வருஷத்தில் பிடித்துத் தைத்த தையலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மெஹ்னாஸ் இப்போது குரோம்பேட்டையில் காலேஜ் போகிறாள். அம்மாவுக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர, மாத்திரை வரிசையில் சிநேகமான பெண்களுக்குத் தெரியும். கடையில் யாருக்கும் தெரியாது என்றே மெஹர் பானு நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்கள் மாதம் ஒருமுறை மேற்குத் தாம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறிய கிளினிக்கில் கூடுவார்கள். அங்கே பார்க்கிற டாக்டர் வேதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே பேசுவாள். மார்ச் மாதக் கூட்டத்தில் அவள் பெண்களிடம் ஒரு விஷயம் சொன்னாள்.

"போன வருஷம் நம்ம கிளினிக்ல மூணு பேர் இறந்துபோயிட்டாங்க. மூணு பேருமே பொம்பளைங்க. டி.பி. இல்ல, காய்ச்சல் இல்ல. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டவங்க. வீட்ல கேட்டா, 'திடீர்னு போயிட்டாங்க டாக்டர்'னு சொல்றாங்க. அந்தத் திடீர்னு என்னன்னு எனக்குத் தெரியணும்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு இதயத்து மேல சந்தேகம்" என்றாள் வேதா. "உங்க ரத்தத்தை எடுத்துப் பார்க்கணும்."

செம்பாக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்யும் கனகவல்லி பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னா டாக்டரம்மா, ஒரு வியாதி பத்தாதுன்னு இன்னொண்ண தேடிக்கினு கீறீங்க? ஹார்ட் அட்டாக்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம். சிகரெட்டு, குடி, வட்டிக் கடன். நமக்கு இன்னாத்துக்கு வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். வேதாவும் சிரித்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

"மாத்திரை வைரஸை அடக்கி வெச்சிருக்கு, வாஸ்தவம். ஆனா உடம்புக்குள்ள சண்டை முழுசா நிக்கல. நீறு பூத்த நெருப்புன்னு சொல்வோமே, அது மாதிரி. மேல சாம்பல், உள்ள கனன்னுகிட்டே இருக்கும். அந்தச் சூடு ரத்தக்குழாயோட உள்சுவரைப் புண்ணாக்கும். அங்க கொழுப்பு வந்து படியும். ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு இருக்கு. உள்ள கனல் ஏறினா அதுவும் ஏறும். அதை அளந்து பார்க்கலாம். வெளிநாட்டுல பார்த்திருக்காங்க, பெரும்பாலும் ஆம்பளைங்களை. நம்ம ஊர்ப் பொம்பளைங்க ரத்தத்தை இதுவரைக்கும் யாரும் இப்படிப் பார்த்ததா எனக்குத் தெரியல."

கடைசி வாக்கியம் மெஹர் பானுவைக் குத்தியது. கூட்டம் முடிந்ததும் வேதாவிடம் போனாள்.

"ஏன் டாக்டர் பார்க்கல?"

வேதா கொஞ்சம் தயங்கினாள். குரோம்பேட்டையில் பெரிய இதய டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் இருக்கிறார். அவர் தனக்குப் பாடம் எடுத்தவர். உதவி கேட்டுப் போனபோது ஆண்களை வைத்துச் செய்வதானால் தன் லேபைத் தருவதாகச் சொன்னார் என்றாள். "'மாதவிலக்கு நிக்காத பொம்பளைக்கு மாரடைப்பு அபூர்வம், வேதா. இருக்கற டெஸ்ட் கிட்டை வீணாக்காதே'ன்னார். அவர் கெட்டவர் இல்ல. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப எங்க ரத்தத்தை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"சின்னதா ஒரு நிதி கிடைச்சிருக்கு. கொஞ்சப் பேரைப் பார்க்கலாம். ஆனா அந்தக் கொஞ்சப் பேரே முன்வரலையே."

மெஹர் பானு துப்பட்டாவை ஒதுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

முடிவு வந்தபோது வேதா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். சி.ஆர்.பி. எக்கச்சக்கமாக இருந்தது. சளி, காய்ச்சல் ஏதாவது இருந்தாலும் அது ஏறும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தாள். குறையவில்லை. கெட்ட கொழுப்பும் கூடுதல்.

மெஹர் பானுவுக்குக் கோபம் வந்தது. "நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்? மாடிக்கு ஃபோம் கட்டு தூக்கிட்டு ஏறுறேன். எனக்கு மாரடைப்பு வரும்னு சொல்றீங்களா?"

"இல்ல. இது ஜோசியம் இல்ல. இப்படி இருக்கறவங்களுக்கு மத்தவங்களைவிட வர்ற வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அதிகம்னு தெரிஞ்சா நாம முந்திக்கலாம்."

கொழுப்புக்கு ஒரு மாத்திரை எழுதினாள். தினமும் நடக்கச் சொன்னாள். எண்ணெயில் பொரித்ததை நிறுத்தச் சொன்னாள். பிறகு, எழுந்துகொண்டிருந்த மெஹர் பானுவின் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தாள்.

"இன்னொண்ணு. பொம்பளைங்களுக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சினிமா மாதிரி விழணும்னு அவசியம் இல்ல. தாடை வலிக்கலாம். முதுகு வலிக்கலாம். காரணமில்லாம வேர்க்கும், மூச்சு வாங்கும். அப்படி வந்தா சோடா குடிச்சிட்டு உட்காராதீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஈ.சி.ஜி. கேளுங்க. ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. இதயத் தசை அடிபட்டா அது ரத்தத்துல கசியும். அதையும் கேளுங்க. எனக்கு போன் பண்ணுங்க."

பீர்க்கன்கரணையில் அவள் வீட்டிலிருந்து ஏரி பக்கம்தான். காலையில் நடக்கத் தொடங்கினாள். மெஹ்னாஸ் கூடவே வந்து, அம்மா எங்கேயாவது பேச்சுக்கு நின்றுவிட்டால் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டாள். ஆனால் பல வருஷம் படிந்தது சில வாரத்தில் கரைந்துவிடாது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். காலையில் எழும்போதே தாடையில் ஒரு வலி இருந்தது. கடைவாய்ப் பல் என்று நினைத்துக் கிராம்பை அடக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். கால் டாக்ஸிக்காரர் ஒருவருடைய நான்கு கார்களுக்குக் கவர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறியின் கீழேயும் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. அதனால் மெஹர் பானு வேர்த்து நனைந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவளுடைய வேர்வை சில்லென்று இருந்தது. ரெக்ஸினை இழுத்துப் பிடித்தபோது மூச்சு முட்டியது. தாடை வலி கழுத்துக்கு இறங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் போய் ஒரு பாரம்போல உட்கார்ந்தது.

தலைமைத் தையல்காரர் கதிரேசன் நிமிர்ந்து பார்த்தார். ஹிதாயத்துல்லா காலத்திலிருந்து இருக்கிறவர். "இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துக் கீது? சோடா வாங்கியாரட்டா?"

சோடா என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு வேதாவின் குரல் ஞாபகத்துக்கு வந்தது.

"சோடா வேணாம் கதிரேசா. ஆட்டோ கூப்பிடு."

மெயின் ரோட்டிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "கேஸ் ட்ரபிள்மா. காலைல சாப்பிட்டீங்களா? ஒரு ஊசி போடறேன், சரியாயிடும்" என்றார்.

"ஈ.சி.ஜி. எடுங்க டாக்டர்."

"உங்க வயசுக்கு அதெல்லாம்..."

"எடுங்க."

எடுத்தார்கள். டாக்டர் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் தெரியல. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

மெஹர் பானு திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் காலடியில் கதிரேசன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அவளுடைய கைப்பை, மறு கையில் அவளுடைய செருப்பு. அவரை வெளியே போகச் சொல்லலாம். இல்லை, சும்மா சத்து மாத்திரை என்று சொல்லி மழுப்பலாம். ஒன்பது வருஷமாக அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். கடையில் கூடவே உட்கார்ந்து ஒரே தூக்கிலிருந்து டீ குடிக்கிற மனிதர்கள். தெரிந்தால் யார் நிற்பார்கள், யார் போவார்கள் என்று இரவெல்லாம் கணக்குப் போட்ட நாட்கள் உண்டு. ஆனால் முதுகில் அந்தப் பாரம் இன்னும் அழுத்தியது. பொய் சொல்லி இந்தக் கட்டிலில் செத்துப்போனால், தன்னையும் "திடீர்னு போயிட்டாங்க" என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறேன். எனக்கு இதய நோய் வர்ற வாய்ப்பு அதிகம்னு ரத்தத்துல பார்த்துச் சொல்லியிருக்காங்க. ட்ரோபோனின் எடுங்க."

நர்ஸ் அவள் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். "அப்படின்னா நீங்க சானடோரியத்துக்குத்தான் போகணும். இங்க அந்தக் கேஸெல்லாம்..."

அப்போது கதிரேசன் முன்னால் வந்தார். கைப்பையையும் செருப்பையும் கட்டிலுக்கு அடியில் பதனமாக வைத்தார். நிமிர்ந்தார்.

"சார், அவங்க நெஞ்சுவலின்னு வந்துகீறாங்க. கேக்கற டெஸ்ட்ட எடுங்க. எடுக்காங்காட்டி நா இந்த எடத்த வுட்டு நவுற மாட்டேன்."

அவர் சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் அவசரப் பிரிவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் சிவந்த முகத்தோடு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, தானே ரத்தம் எடுத்தார்.

மெஹர் பானு சொன்ன நம்பருக்குக் கதிரேசன் போன் செய்தார். வேதா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்திருந்தாள். சோதனை அட்டை மேஜைமேல் இருந்தது. ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. வேதாவும் இளம் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு கோடு மெல்ல ஊறி வந்தது. முதலில் நிழல்போல, அப்புறம் சந்தேகமில்லாமல்.

"மறுபடி ஈ.சி.ஜி. எடுங்க" என்றாள் வேதா. இந்தத் தடவை அதுவும் மாறியிருந்தது.

அதற்கப்புறம் அந்த இளம் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பிரினைக் கடித்துச் சாப்பிடச் செய்தார், ஆக்ஸிஜன் வைத்தார், ஓடி ஓடி வேலை பார்த்தார். ஆனால் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்த, அடைப்பை எடுக்கும் வசதி உள்ள லேபின் மானேஜர் கதவருகிலேயே நின்று கையை விரித்துவிட்டார். "எங்க லேப்ல இந்த மாதிரி கேஸ் எடுக்கறதில்ல மேடம். மத்த பேஷண்ட்ஸ் பயப்படுவாங்க."

வேதா அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. போனை எடுத்து ஸ்ரீநிவாசராகவனைக் கூப்பிட்டாள். மெஹர் பானுவுக்கு வேதா பேசியது மட்டும்தான் கேட்டது.

"சார், வேதா பேசறேன். ட்ரோபோனின் பாசிட்டிவ், வலி நிக்கல... ஆமா சார், என் ஸ்டடில இருக்கறவங்க... நாற்பத்திரண்டு... இல்ல சார். மாதவிலக்கு இன்னும் நிக்கல."

வேதா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மறுமுனையில் குரல் உயர்ந்தது, கட்டில்வரைக்கும் கேட்டது.

"இன்னும் என்ன பேசிண்டிருக்கே? ஆம்புலன்ஸ்ல ஏத்து! நான் லேபைத் தயார் பண்ணி வெக்கறேன்."

குரோம்பேட்டைக்குள் நுழையும்வரை கதிரேசன் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீநிவாசராகவன் லேப் வாசலிலேயே நின்றிருந்தார். உயரமானவர், நரைத்த மீசை. உள்ளே ஒரு டெக்னீஷியன் அவர் காதருகில் ஏதோ சொல்வதை மெஹர் பானு படுத்தபடியே பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லா பேஷண்டுக்கும் என்ன கிளவுஸ் போடறோமோ அதே கிளவுஸ்தான். எல்லாருக்கும் ஒழுங்கா போட்டா இவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம். போடு. வா."

மயக்கம் கொடுக்கவில்லை. தொடையருகில் மரத்துப்போக ஓர் ஊசி மட்டும். பக்கத்துத் திரையில் அவளுடைய இதயம் கறுப்பு வெள்ளையில் துடித்துக்கொண்டிருந்தது. கிளை கிளையாக ரத்தக்குழாய்கள். முன்பக்கத்துப் பெரிய கிளை ஓரிடத்தில் நூலாக இறுகி, அதற்கு அப்பால் வெறுமையாக இருந்தது.

"தெரியறதா?" என்றார் அவர் அவளிடம். "அங்கதான் அடைப்பு. இப்போ எடுத்துடலாம்."

எதையோ நெஞ்சுக்குள் வைத்து அழுத்தியது போலிருந்தது. அவள் கலிமாவை முணுமுணுத்தாள். அடுத்த முறை திரையில் மருந்து பாய்ந்தபோது, மதகைத் திறந்தால் வாய்க்கால் நிறைவதுபோல அந்தக் கிளை கடைசி நுனிவரைக்கும் நிறைந்தது. முதுகில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த பாரம் அந்தக் கணமே இறங்கிப் போயிற்று. உலகத்தில் இவ்வளவு காற்று இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சத்தமாக.

ஸ்ரீநிவாசராகவன் முகமூடிக்குள் சிரித்தது அவர் கண்ணில் தெரிந்தது.

மெஹ்னாஸ் காலேஜிலிருந்து நேராக ஓடிவந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். அம்மா தூங்கிப்போகும்வரை கையை விடவில்லை.

மறுநாள் கதிரேசன் வந்தார். அவரைப் பார்த்ததும் மெஹர் பானுவுக்கு நேற்றுச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. பேச்சைக் கடையிலிருந்து ஆரம்பித்தாள்.

"கடை திறந்துதா?"

"தொறந்தாச்சு. நாலு வண்டியும் குடுத்தாச்சு. உங்களுக்கு பிரஷர்னு சொல்லிகீறேன். ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க."

"கதிரேசா, நேத்து நான் சொன்னது..."

"அது எனக்கு அப்பவே தெரியும்க்கா." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஹிதாயத்துல்லா பாய ஆஸ்பத்திரில வெச்சிருந்தப்ப ராத்திரி பூரா நாந்தான கூட இருந்தேன். எனக்குத் தெரியாம இருக்குமா? நீங்களா சொல்லாங்காட்டி நா எதுக்குக் கேக்கணும்னு வுட்டுட்டேன்."

ஒன்பது வருஷம். தெரிந்துகொண்டே அந்த மனிதர் அவளோடு ஒரே தூக்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்திருக்கிறார். மெஹர் பானுவுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். அதைப் பார்த்துப் பயந்துபோன கதிரேசன் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

வார்டு சுற்றி வந்தபோது ஸ்ரீநிவாசராகவன் அவள் கட்டிலருகில் நின்றார். வேதாவும் கூட இருந்தாள்.

"வேதா, உன் ஸ்டடில எத்தனை பெண்கள்?"

"இருபது பேருக்குக் கொஞ்சம் மேல சார்."

"போறாது. ஒருத்தரை வெச்சு எதையும் நிரூபிச்சுட முடியாது. இருபது பேரை வெச்சும் முடியாது." மெஹர் பானுவின் சார்ட்டை மூடி வைத்தார். "நான் உனக்குச் சொன்னது தப்பு. இவங்க அந்தத் தப்புல போயிருப்பாங்க. என் லேபை எடுத்துக்கோ. எத்தனை பேருக்கு வேணுமோ எடு. ஆனா எண்ணிக்கை வேணும். நூத்துக்கணக்குல வேணும்."

"அத்தனை பேரை நான் எங்க போய்..." என்று வேதா ஆரம்பித்தாள்.

"ஆளுங்களை நாங்க கூட்டிட்டு வர்றோம் டாக்டர்" என்றாள் படுக்கையில் இருந்தபடியே மெஹர் பானு.

சொன்னதைச் செய்தாள். டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து வாரத்தில் ஒரு நாள் கடையைக் கதிரேசனிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். கூட கனகவல்லி. செம்பாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு என்று எங்கெல்லாம் பாசிட்டிவ் பெண்களின் கூட்டம் நடக்கிறதோ அங்கெல்லாம் போனார்கள். மெஹர் பானு தனக்கு நடந்ததை நடந்தபடி சொல்வாள். முடித்ததும் கனகவல்லி எழுந்து நிற்பாள். "எனக்கும் இந்த சி.ஆர்.பி. ஜாஸ்திதான். ஆனா நா இப்ப மாத்திர துன்னுகினு, பஜ்ஜிய வுட்டுட்டு, தெனம் நடந்துகினு கீறேன். பஜ்ஜிய வுட்டதுதான் பேஜாரு. மத்ததெல்லாம் சுளுவு" என்பாள். சிரித்த பெண்கள் மறு வாரம் கிளினிக் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு நாள் உட்கார இடமில்லாமல் வேதா தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பார்த்தாள்.

கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ரேஷ்மா என்ற பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. மாடிப்படி ஏறினால் முதுகு வலிக்கிறது, வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தாள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு வேதா அவளை ஸ்ரீநிவாசராகவனிடம் அனுப்பினாள். மாரடைப்பு வருவதற்கு முன்பே அடைப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிய ரேஷ்மா, மெஹர் பானுவுக்கு போன் செய்து, "மாடியில துணி காயப்போட்டுட்டுப் பேசறேன்க்கா, வலிக்கல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் பத்து ஊர் போகலாம் என்று தோன்றியது மெஹர் பானுவுக்கு.

அடுத்த வருஷம் டிசம்பரில் குரோம்பேட்டையில் டாக்டர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்திருந்தார்கள். வேதா தன் ஆராய்ச்சியைச் சொன்னாள். மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிற பெண்களிலும் பாதிக்குமேல் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. உயர்ந்திருந்தவர்களிடம்தான் ரத்தக்குழாயின் சுவர் தடித்துப்போனது அதிகம். வயது, சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

"இவங்கள்ல யாருக்கு மாரடைப்பு வரும்னு இதை வெச்சு மட்டும் சொல்லிட முடியாது" என்றாள் வேதா. "இன்னும் பல வருஷம் தொடர்ந்து பார்க்கணும். ஆனா பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

பிறகு மெஹர் பானுவைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் அதற்கென்று கிளிப்பச்சைப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. தானே இறக்கி வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் பின்வரிசை முழுக்க அவள் கூட்டிவந்த பெண்கள். ஓரத்தில் கதிரேசன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவருக்குப் பக்கத்தில் மெஹ்னாஸ்.

"என்னை முதல்ல பார்த்த டாக்டர், கேஸ் ட்ரபிள்னு சொன்னார்" என்று ஆரம்பித்தாள். "அவரை நான் குறை சொல்லல. அவருக்கு யாரும் சொல்லித் தரல. உங்களுக்கு இன்னிக்கு சொல்லிட்டோம். இனிமே எங்கள்ல ஒருத்தி தாடை வலிக்குதுன்னு உங்க வாசலுக்கு வந்தா, அவ பேரைக் கேளுங்க. என்ன மாத்திரை சாப்பிடறான்னு கேளுங்க. ஆனா பின்னால போகாதீங்க. பக்கத்துல வாங்க."

முதலில் எழுந்து நின்றவர் ஸ்ரீநிவாசராகவன். அவர் கைதட்டத் தொடங்கியதும் வரிசை வரிசையாக டாக்டர்கள் எழுந்தார்கள். பின்வரிசைப் பெண்களுக்கு எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று புரியவில்லை. கனகவல்லி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அந்தக் கூட்டம் கலையும் முன்பே, நாலைந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வேதாவைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கள் அவசரப் பிரிவுக்கு வந்து நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் இதையே சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்கள். "மெஹர் பானுவும் வந்தா நல்லாருக்கும்" என்றார் ஒருவர்.

சாயங்காலம் அத்தனை பெண்களும் குரோம்பேட்டையில் தாம்பரம் பக்கம் போகும் ரயிலில் ஏறினார்கள். லேடீஸ் பெட்டியில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்து சிரித்தார்கள். மைக்கை இறக்கியதை ரேஷ்மா நடித்துக் காட்டினாள். மெஹ்னாஸ் அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்துச் சிரித்து இருமினாள். பட்டுப் புடவையும் பூவுமாக இத்தனை பேரைப் பார்த்த ஓர் அம்மாள், மடியில் காய்கறிப் பையோடு, மெஹர் பானுவை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றீங்களாம்மா?"

மெஹர் பானு வாய் திறப்பதற்குள் கனகவல்லி முந்திக்கொண்டாள். "கல்யாணம்லாம் இல்லம்மா. ஜெயிச்சுட்டு வர்றோம்."

"எதுல?"

"உசுரோட கீறதுல!"

பெட்டியே அதிர்ந்தது. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளும் சேர்ந்து சிரித்தாள். நகர்ந்து உட்கார்ந்து, மெஹர் பானுவுக்கு இடம் கொடுத்தாள்.